பட்டா வந்துடுச்சு, பைப்பு எப்ப வரும்? (கல்லு நட்டவன் பதில்கள்)

போன இதழ்ல ஓரமா ரெண்டே வரி போட்டிருந்தோம், வீட்டுமனை பத்தி எதுனா கேக்கணும்னா எழுதுங்கன்னு. வந்து குவிஞ்சிருச்சு. பாதிக்கு மேல நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், அதாவது ஆந்திராவுல இருக்கிற நம்ம ஜனம். மீதி திருத்தணி, ஊத்துக்கோட்டை பக்கம். பாலக்காட்டுல இருந்து கூட ஒண்ணு வந்திருக்கு. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: நான் பெரிய ஆர்க்கிடெக்ட் எல்லாம் கிடையாது, 80கள்ல மெட்ராஸ்ல மனை பிரிக்கிற வேலையில செயின் புடிச்சு, கல்லு நட்டு, மெதுவா ஓவர்சியர் ஆகி ரிட்டையர் ஆனவன். இப்ப பள்ளிப்பட்டு பக்கம் இருக்கேன். சம்பந்திங்க பூரா நகரில, அதனால ரெண்டு பக்கத்து கதையும் காதுல விழும்.

கேள்வி: அண்ணா, எனக்கு ஜகன் முதல்வரா இருந்த டைம்ல ஒண்ணரை சென்ட் பட்டா வந்துச்சு, எம் பேர்லயேதான். லேஅவுட் ஊருக்கு வெளிய மூணு கிலோமீட்டர், மலை அடியில. ரோடுன்னு கிராவல் அடிச்சாங்க, ரெண்டு மழையில போயிருச்சு. கரண்ட் கம்பம் நிக்குது, லைன் பாதி தெருவுக்குதான். தண்ணிக்கு ஒரு போர் போட்டாங்க, வேலை செய்யுற நாள்ல செய்யும். வீட்டுக்காரர் தறிக்கு போறாரு, இங்க டவுன்ல வாடகை குடுத்துக்கினு இருக்கோம். கட்டலைன்னா கேன்சல் பண்ணிடுவோம்ங்கிறாங்க, கட்டினா அங்க போய் எப்படி இருக்கறது? (நெசவு குடும்பத்து வாசகி, நகரி)

பதில்: அம்மா, உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். நீங்க கேட்டதுல இருக்கிற வரிசையைப் பாருங்க, முதல்ல ரோடு சொல்லியிருக்கீங்க, அப்புறம் லைன், அப்புறம் தண்ணி, கடைசியில வாடகை. வீடு கட்ட காசு இல்லைன்னு எங்கயும் எழுதலை. எங்க டிபார்ட்மெண்ட்டுல பெரியவங்க வருஷக்கணக்கா மீட்டிங் போட்டு பேசினதும் இதேதான். ஜனத்துக்கு கட்டத் தெரியும், கட்டிக்குவாங்க, இன்னிக்கு ஒரு ரூம், பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ரூம்னு. அவங்களால தனியா பண்ண முடியாதது என்னன்னா நிலத்தை வளைக்கிறது, நேரா தெரு விடறது, சாக்கடைக்கு வாட்டம் எடுக்கறது, மெயின் பைப்பு கொண்டாந்து விடறது. சர்க்கார் இதை மட்டும் ஒழுங்கா முதல்ல பண்ணிட்டா போதும்.

1977ல உலக வங்கிக் கடன்ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச திட்டம் இந்த மாதிரிதான். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், அதுக்கப்புறம் முகப்பேர். இன்னிக்கும் பஸ்ல "எம்.எம்.டி.ஏ காலனி இறங்கு"ம்பாங்களே, அரும்பாக்கத்துல, அது அந்த திட்டத்துல பொறந்த ஊரு, எம்.எம்.டி.ஏன்னா மெட்ராஸ் பெருநகர வளர்ச்சிக் குழுமம். மனை சின்னதுதான், ஏழைங்களுக்கு விட்டது எல்லாம் ஒரு சென்ட் சுத்துவட்டாரம். ஆனா கல்லு நடறதுக்கு முன்னாடி சாக்கடை லெவல் எடுப்போம். நான் முகப்பேர் போனப்ப அங்க ஒண்ணுமே இல்ல, முள்ளு, ஏரித் தண்ணி, நடுவுல குறுக்கும் நெடுக்கும் தோண்டின பள்ளம். பைப்பு முதல்ல போச்சு, மனிஷன் அப்புறம் வந்தான். சின்ன மனைக்கு மூலையில ஒரு கக்கூஸ், ஒரு குழாய். பெரிய மனை, கடை மனை எல்லாம் மார்க்கெட் விலைக்கு வித்து அந்தக் காசுல சின்ன மனைக்கு விலையைக் குறைச்சாங்க. அதனால ஒரே லேஅவுட்டுல கிளார்க்கும் இருந்தான், இட்லிக் கடைக்காரம்மாவும் இருந்தாங்க, டீச்சரும் இருந்தாங்க. உங்க லேஅவுட்டுல அது இல்ல, இருக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே ஒண்ணரை சென்ட், ஒரே கஷ்டம். கடை வெக்க ஒருத்தன் வரணும்னா கூட அவனுக்கு மனை இல்ல.

உங்க ஆந்திரா திட்டத்தை நான் மட்டமா சொல்ல வரல. 2020 டிசம்பர் 25ல ஆரம்பிச்சு 30 லட்சத்துக்கும் மேல பொம்பளைங்க பேர்ல பட்டா, 17,000க்கும் மேல லேஅவுட், இது சின்ன வேலை இல்ல. ஆனா அவ்ளோ நிலம் அவ்ளோ சீக்கிரம் வேணும்னா எங்க கிடைக்கும்? ஊருக்கு வெளிய, பள்ளத்துல, மலையடியில. விலை கம்மியான இடத்துல வாங்கினா பைப்புக்கும் ரோட்டுக்கும் அந்த விலையைக் குடுத்தே ஆகணும், அதை யாராவது குடுக்கணும், குடுக்கலைன்னா நீங்க ஆட்டோவுக்கு குடுப்பீங்க. தினம் போக வர எவ்ளோன்னு மாசத்துக்கு கணக்கு போட்டு வாடகை பக்கத்துல எழுதிப் பாருங்க, உங்களுக்கே தெரிஞ்சிடும்.

இப்ப என்ன பண்றது? பேஸ்மட்டம் வரைக்கும் போட்டுடுங்க. வீடு கட்ட சர்க்கார் குடுக்கிற காசு (பில்லு) நிலை நிலையாதானே வருது, பேஸ்மட்டம், ரூஃப் லெவல், ஸ்லாப்னு. பேஸ்மட்டம் போட்டு ஜியோ டேக் போட்டோ (எடுத்த இடமும் அதுலயே பதிவாகும்) எடுத்துட்டா வேலை ஆரம்பிச்சதுக்கு உங்க கையில ஒரு அத்தாட்சி இருக்கும், கேன்சல்னு யாராவது வந்தாலும் வாயத் திறந்து பேசலாம். ஆனா கடைக்கால் தோண்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, உங்க மனையில கொட்டினது ரொப்பு மண்ணா, இல்ல இயற்கை மண்ணான்னு. ரொப்பு மண்ணா இருந்தா அதைத் தாண்டி பழைய மண்ணு வர்ற வரைக்கும் இறங்கணும், மேஸ்திரி "போதும்மா"ன்னு சொன்னாலும் விடாதீங்க. அப்புறம் மழைக்கு அப்புறம் ஒரு நாள் போய் தெருவுல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு கறை பாத்து, அதுக்கு மேல ஒண்ணரை அடியாவது பேஸ்மட்டம் தூக்குங்க. ரோடு போடறவன் பின்னாடி வந்து ரோட்டை ஏத்துவான், அது அவன் பழக்கம். நான் வேலை பாத்த ஒரு லேஅவுட்டுலயே (பேர் வேணாம்) சாக்கடை உசரமா, வீடு பள்ளமா போய் முப்பது வருஷமா மழைக்கு மழை பக்கெட்டால தண்ணி அள்ளிக்கினு இருக்காங்க. அதுல என் கையெழுத்தும் இருக்குது.

தண்ணிக்கு தெரு ஜனம் மொத்தமா சச்சிவாலயத்துல (உங்க ஊரு செயலக ஆபீஸ்ல) போய் எழுதிக் குடுங்க, தனித்தனியா போகாதீங்க. பொம்பளைங்க பத்து பேர் ஒண்ணா போய் உக்காந்தா நடக்கிறது தனியா போற ஆம்பளைக்கு நடக்காது.

கேள்வி: சென்ட், கெஜம், அங்கணம், சதுரடி, கிரவுண்ட்... எங்க ஊர்ல புரோக்கர் ஒரே மனைக்கு நாலு கணக்கு சொல்றான், தல சுத்துது. (புதுசா கல்யாணம் ஆன வாசகர், சத்தியவேடு)

பதில்: சுத்த வெக்கத்தான் சொல்றான் தம்பி. 1 சென்ட்னா 435.6 சதுரடி, அது 48.4 சதுர கெஜம். ஒண்ணரை சென்ட் 653 சதுரடி. 3 சென்ட் 1307. நம்ம கிரவுண்ட் 2400 சதுரடி, அஞ்சரை சென்ட். அங்கணம்ங்கிறது ஆந்திரா பக்கத்து அளவு, அது மட்டும் ஊருக்கு ஊரு மாறும், யாராவது அங்கணத்துல விலை சொன்னா "எத்தனை அடிக்கு எத்தனை அடி?"ன்னு மட்டும் கேளுங்க, டேப்பை நீங்களே புடிங்க.

கேள்வி: ஐயா, நான் சிவில் படிக்கிறேன். மனை குடுத்து நீயே கட்டிக்கோன்னு சொல்றது சர்க்கார் தன் பொறுப்பைக் கைகழுவறது மாதிரி இல்லையா? அடுக்குமாடி கட்டி சாவியைக் குடுத்தா போச்சு. இந்த ஐடியா யாரோடது? (மாணவர், திருத்தணி)

பதில்: நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் நீளமா சொல்றேன், பரீட்சைக்கும் உதவும். உலக வங்கி இந்த மாதிரி முதல்ல பணம் போட்டது 1972ல, ஆப்பிரிக்காவுல செனகல் நாட்டு டக்கார்ல. அதுக்கும் முன்னாடி சிலி நாட்டுல 1965ல ஒரு திட்டம் போட்டாங்க, ஏழைங்களுக்கு மனையை மட்டும் குடுக்கிற திட்டம், அதுக்கு ஜனம் வெச்ச பட்டப்பேரு என்ன தெரியுமா, "சாக்பீஸ் ஆபரேஷன்". தரையில சாக்பீஸால கோடு போட்டு "இதுதான் உன் வீடு"ன்னு காட்டிட்டு போனாங்களாம், அந்தக் கிண்டல். நீ கேக்கிற கைகழுவற கதை அது. கோடு மட்டும் போட்டா கைகழுவல்தான், நானும் ஒத்துக்கிறேன். கோட்டுக்கு அடியில பைப்பு இருந்தா அது வேற.

அடுக்குமாடி கணக்கைப் பாப்போம். ஒரு ஃபிளாட் கட்டற காசுல எத்தனை மனைக்கு ரோடு, சாக்கடை, தண்ணி குடுக்கலாம்னு உங்க காலேஜ் எஸ்டிமேஷன் நோட்டுல போட்டுப் பாரு, நான் சொல்லிட்டா நீ காப்பி அடிச்சிடுவ. காசு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாலாவது மாடியில தறி வெக்க முடியாது, ஆடு கட்ட முடியாது, முன்னாடி ஒரு பெட்டிக்கடை திறக்க முடியாது, பையன் பெரியவனானா மேல ஒரு ரூம் எடுக்க முடியாது. சென்னையில கூவம் ஓரத்துல இருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பின ஜனத்துக்கிட்ட கேட்டுப் பாரு, வீடு எப்படின்னு கேட்டா வேலைக்குப் போற தூரத்தைதான் முதல்ல சொல்வாங்க.

இந்தூர்ல ஆரண்யான்னு ஒரு டவுன்ஷிப், பாலகிருஷ்ண தோஷிங்கிற ஆர்க்கிடெக்ட் பிளான் பண்ணினது, 80கள்ல. சுமார் 6,500 மனை. ஏழைங்க மனை 35 சதுர மீட்டர்தான், அதாவது 377 சதுரடி, ஒரு சென்ட்டு கூட இல்ல! ஆனா ஒவ்வொரு மனைக்கும் கக்கூஸும் தண்ணியும், தெரு ஒரு பக்கம் வண்டிக்கு, உள்ள சந்து பிள்ளைங்க விளையாட, மாதிரிக்கு 80 வீடு கட்டிக் காட்டி "இப்படியும் ஆரம்பிக்கலாம், அப்படியும் வளக்கலாம்"னு விட்டாங்க. 1995ல கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைச்சுது. அவருக்கே 2018ல ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு குடுக்கிற பெரிய விருதான பிரிட்ஸ்கர் விருது, இந்தியாவுல அதை வாங்கின முதல் ஆளு அவருதான்.

ஆனா 90கள்ல உலக வங்கியே இதை ஓரங்கட்டிடுச்சு. ஊருக்கு வெளிய இருக்குது, மனை காலியா கிடக்குது, ஏழை வாங்கி பணக்காரனுக்கு வித்துட்டான், லேட்டு, அது இதுன்னு. அன்னிக்கு முகப்பேர்ல வெச்சு கேட்டிருந்தா நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், ராத்திரி நரி ஊளை விடும். 20, 30 வருஷம் கழிச்சு ஆராய்ச்சிக்காரங்க சென்னைக்கும் பம்பாய் சார்கோப், கோராய்க்கும் திரும்பப் போய்ப் பாத்தா, வீடெல்லாம் ரெண்டு மாடி மூணு மாடி, கடை, கிளினிக், பல வருமானத்துக்காரங்க கலந்து இருக்காங்க, தோத்துடுச்சுன்னு சொன்னது தப்போன்னு எழுதினாங்க. டான்சானியாவுலயும் 7 டவுன்ல 70கள்ல மனை பிரிச்ச இடத்தையும், ஜனம் முதல்ல குடியேறி அப்புறம் வசதி பண்ணிக் குடுத்த இடத்தையும் ஒப்பிட்டாங்க. முதல்ல தெரு விட்ட இடத்துலதான் வீடு பெருசா, வரிசையா, உறுதியா இருந்துச்சு. நேரா விட்ட தெரு அப்படியே நிக்கும் தம்பி, பின்னாடி வீட்டை இடிச்சு தெரு விடறது எந்த சர்க்காராலயும் ஆகாது.

கேள்வி: நீங்க மனை மனைன்னு பேசறீங்க. எங்க லேஅவுட்டுல பாதி மனை காலி. ஏற்கெனவே வீடு இருக்கிறவனுக்கு எல்லாம் குடுத்திருக்காங்க. நிஜமா குடிசையில இருக்கிறவன் இன்னும் வாகு (ஓடை) போரம்போக்குலதான் இருக்கான். பைப்பு போட்டா மட்டும் என்ன ஆயிடும்? (கோபமா ஒரு வாசகர், புத்தூர்)

பதில்: கோபம் நியாயம்தான் அண்ணே. உங்களுக்கு ஒரு கதை சொல்றேன், இது நான் மேல சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கும், பரவால்ல.

பாகிஸ்தான்ல சிந்து மாகாணத்துல ஹைதராபாத்னு ஒரு ஊரு, நம்ம ஹைதராபாத் இல்ல. அங்க 1986ல தஸ்னீம் சித்திக்கின்னு ஒரு அதிகாரி பாத்தாரு. சர்க்கார் மனை பிரிச்சு ரோடு போட்டு பைப்பு போட்டு எல்லாம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள விலை ஏறிடுது, ஏழை வாங்க முடியல, வாங்கறவன் புரோக்கர், காலியா போட்டு வெச்சுக்கிறான். அவரு என்ன பண்ணாருன்னா, மனையில ஒண்ணுமே போடலை. விண்ணப்பம், லாட்டரி எதுவும் கிடையாது. மனை வேணும்னா குடும்பத்தோட, பாத்திரம் பண்டம் கட்டில் எல்லாம் எடுத்துக்கினு வா, ரிசப்ஷன் கேம்ப்புல கொஞ்ச நாள் இரு, இருந்து காட்டினாதான் மனை. பூட்டிட்டு போனா கேன்சல். வெயில்ல பிள்ளை குட்டியோட வந்து உக்காறவன் நிஜமா வீடு இல்லாதவனாதான் இருப்பான், புரோக்கர் வந்து பாயை விரிச்சுப் படுக்க மாட்டான்ல! அப்புறம் தவணை கட்டக் கட்ட தெருக்காரங்க சேந்து குழாய், சாக்கடைன்னு ஒண்ணொண்ணா வந்துச்சு. குதா கி பஸ்தின்னு பேரு, கடவுளோட குடியிருப்புன்னு அர்த்தம். ஆரண்யாவுக்கு குடுத்த அதே 1995ல இதுக்கும் ஆகா கான் விருது.

அப்ப பைப்பு முதல்லயா ஜனம் முதல்லயா? நான் பைப்பு கட்சி, சாகற வரைக்கும் அப்படித்தான். ஆனா யாருக்கு மனைன்னு முடிவு பண்றதுல அந்த ஆளு கெட்டிக்காரன். பிய்யம் கார்டை (அரிசி ரேஷன் கார்டை) பாத்து, வி.ஆர்.ஓ (கிராம வருவாய் அதிகாரி) லிஸ்டைப் பாத்து குடுக்கிறதை விட, யாரு இப்ப எங்க படுக்கிறான்னு போய்ப் பாத்து குடுத்தா உங்க ஊர்ல வாகு ஓரத்து ஜனத்துக்கு கிடைச்சிருக்கும். மூணு கிலோமீட்டருக்கு அப்பால, தண்ணி இல்லாத இடத்துல காலியா கிடக்கிற மனை எல்லாம் தேவையில்லாதவன் மனைன்னும் சொல்லிட முடியாது அண்ணே, மேல நகரி அம்மா எழுதினதைப் படிங்க, அவங்க மனையும் வெளிய இருந்து பாத்தா காலிதான்.

கேள்வி: எங்க சித்தி திருத்தணி பக்கம், அவங்களுக்கு 3 சென்ட் நத்தம் பட்டா, இப்ப தமிழ்நாடு சர்க்காரோட கனவு இல்லம் திட்டத்துல மூணரை லட்சம் வாங்கி கட்டறாங்க. நாங்க பத்து கிலோமீட்டர் இந்தப் பக்கம், ஒண்ணரை சென்ட், ஒண்ணு எண்பது (ஒரு லட்சத்து எண்பதாயிரம்). நாங்களும் தமிழ்தானே? (வாசகி, நகரி மண்டலம்)

பதில்: அம்மா, 1960 ஏப்ரல் 1ல திருத்தணியும் பள்ளிப்பட்டும் மெட்ராஸ் பக்கம் வந்துச்சு, உங்க ஊரு வரல. அன்னிக்கு கோடு போட்டவங்க உங்க சித்தி வீட்டு ஸ்லாப் பத்தி யோசிச்சிருக்க மாட்டாங்க. கணக்கு இதுதான்: கலைஞர் கனவு இல்லம் 360 சதுரடி, மூணரை லட்சம், ஆனா நிலம் உங்க கையில இருக்கணும், பட்டா இல்லாத குடிசைக்காரன் அங்கயும் வெளியதான் நிக்கிறான். உங்க பக்கம் நிலத்தோட சேத்து குடுத்தாங்க, கட்டறதுக்கு ஒண்ணு எண்பது, மேல மகளிர் குழு லோன். 2024 தேர்தல்ல சந்திரபாபு நாயுடு பக்கம் இனி கிராமத்துல 3 சென்ட், டவுன்ல 2 சென்ட்னு சொன்னாங்க. ஏற்கெனவே ஒண்ணரை வாங்கினவங்க சித்தியைப் பாத்து பொறாமைப்படறதை விட, பக்கத்து மனைக்காரங்களோட பேசி நடுச்சுவரை பொதுச்சுவரா எழுப்பிக்குங்க. ரெண்டு பேருக்கும் சேத்து முக்கா அடி இடமும் ஒரு சுவர் காசும் மிச்சம். பேச்சை மட்டும் பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க.

கேள்வி: பட்டா மனை ஒண்ணு சல்லிசா வருது, ஸ்டாம்ப் பேப்பர்ல அக்ரிமெண்ட் போட்டுக்கலாம்ங்கிறாங்க. வாங்கலாமா? (பெயர் வேண்டாம், குப்பம்)

பதில்: வாங்காதீங்க. சர்க்கார் ஒப்படைச்ச நிலத்தை விக்கக் கூடாதுன்னு ஆந்திராவுல 1977லயே சட்டம் வந்துச்சு, பின்னாடி திருத்தி குறிப்பிட்ட வருஷம் கழிச்சுதான் விக்கலாம்னு ஆக்கினாங்க, அந்தக் கெடு முடியாத மனையைத் தொடக் கூடாது. அக்ரிமெண்ட்டை வெச்சு நீங்க ஓனர் ஆக முடியாது, சர்க்கார் திரும்ப எடுத்தா உங்க காசும் போச்சு, வித்த அந்தம்மா மனையும் போச்சு. சல்லிசா வர்றதுக்கு காரணமே அதுதான்.

கேள்வி: ஒண்ணரை சென்ட்டுல ஒரு பவர்லூம் வெச்சுக்கினு குடும்பமும் நடத்த முடியுமா? படம் போட்டு சொல்லுங்க. (தறிக்காரர், நகரி)

பதில்: படம் போட இடம் தர மாட்டாங்க, வாயாலயே வரையறேன். மனை 22க்கு 30ன்னு வெச்சுக்குங்க. தெருவைப் பாத்த பக்கம் தறி, பின்னாடி குடும்பம். நிறைய பேர் தறியைப் பின்னாடி தள்ளுவாங்க, தப்பு. பாவு நூல் சுத்தின பீமை (உருளையை) தூக்கிக்கினு ரெண்டு பேர் அடுப்பங்கரை வழியா போகணும், நூல் தூசு சோத்துல விழும். முன்னாடி வெச்சா பீமும் நேரா இறங்கும், சேலை வாங்க வர்றவரும் திண்ணையோட போயிடுவாரு. தறி நிக்கிற தரையை வீட்டுத் தரையோட ஒட்ட விடாதீங்க, ஒரு இஞ்சு இடைவெளி விட்டு தனி கான்கிரீட்டா போட்டு இடைவெளியில மணலை ரொப்பிடுங்க, இல்லைன்னா அதிர்வு சுவர் வரைக்கும் போய் ஒரு வருஷத்துல பூச்சு கீறும், ராத்திரி பிள்ளை தூங்காது. ஜன்னல் தறிக்கு இடது வலது ரெண்டு பக்கமும் வேணும், அறுந்த இழை கண்ணுக்குத் தெரியணும்ல.

படிக்கட்டை வெளியில வெச்சுடுங்க, இன்னிக்கு படியே கட்டலைன்னாலும் மூணடி இடம் விட்டுடுங்க. நாளைக்கு மேல ரூம் எடுத்து வாடகைக்கு விடலாம், குடித்தனக்காரர் உங்க தறி வழியா போக வேண்டாம். தூண் போட்டு எழுப்பறீங்கன்னா கம்பியை ஸ்லாப்புக்கு மேல ரெண்டடி நீட்டி விட்டு, மேல சிமெண்ட் பாலைப் பூசி வையுங்க, சும்மா விட்டா துரு ஏறி, மாடி எடுக்கிறப்ப கம்பி பாதிதான் இருக்கும். நனைக்கிறதுல கஞ்சத்தனம் வேணாம், சாதா சிமெண்ட்டுக்கு 7 நாள், இப்ப எல்லா கடையிலயும் குடுக்கிறானே சாம்பல் கலந்த பி.பி.சி சிமெண்ட், அதுக்கு 10 நாள். தண்ணி இல்லாத லேஅவுட்டுல வீடு கட்டினா வர்ற முதல் நோய் இதுதான், டேங்கர் காசுக்கு பயந்து மூணு நாள்ல நிறுத்திடுவாங்க.

இன்னொண்ணு. கட்டறதுக்கு முன்னாடி இ.பி.யில கேளுங்க, வீட்டு கனெக்ஷன்லயே தறி ஓட்டலாமா, தனி மீட்டர் வேணுமான்னு. இதை விட்டுட்டு பின்னாடி ஃபைன் கட்டினவங்க எங்க சம்பந்தி வகையிலயே இருக்காங்க.

கேள்வி: எங்க தாத்தாவுக்கு குடிகிடப்புல (அடுத்தவர் நிலத்துல குடிசை போட்டு இருந்தவங்களுக்கு கேரளாவுல குடுத்த உரிமை) 10 சென்ட் கிடைச்சது. இப்ப அதே இடத்துல மூணு வீடு. உங்க ஆந்திராக்காரங்களுக்கு ஏன் ஒண்ணரை சென்ட்? (கொழிஞ்சாம்பாறை வாசகர், பாலக்காடு)

பதில்: உங்க தாத்தா ஏற்கெனவே குடியிருந்த மண்ணுக்கே 1970ல சட்டம் உரிமை குடுத்துச்சு சார், பஞ்சாயத்துல 10 சென்ட், முனிசிபாலிட்டியில 5, பெரிய நகரத்துல 3. வேலை அங்க, வீடு அங்க, கிணறு அங்க. ரெண்டு தென்னை, ஒரு பலா, அப்புறம் பையனுக்கு ஒரு வீடு, பேரனுக்கு ஒண்ணு. புதுசா நிலம் வாங்கி பிரிக்கிறப்ப அவ்ளோ குடுக்க எந்த சர்க்காருக்கும் கட்டுப்படி ஆகாதுதான், இருந்தாலும் உங்க லெட்டரைப் படிச்சிட்டு எனக்கே கொஞ்சம் ஏக்கமா இருந்துச்சு.

கேள்வி: கக்கூஸ் குழி எங்க தோண்டறது? பக்கத்து வீட்டுக்காரர் எங்க போருக்குப் பக்கத்துல தோண்டறாரு, சண்டை ஆயிடுச்சு. (வாசகர், நாகலாபுரம்)

பதில்: சண்டை போட வேண்டியது பக்கத்து வீட்டுக்காரரோட இல்ல. குடிக்கிற போருக்கும் குழிக்கும் 10 மீட்டராவது இருக்கணும். ஒரு சென்ட் மனை 18க்கு 24 அடின்னு வெச்சாலும் நீளமே ஏழு மீட்டர் சொச்சம்தான். அவரு எங்க தோண்டினாலும் உங்க போர் பக்கத்துலதான் வரும், நீங்க தோண்டினா அவரு போர் பக்கத்துல. மனை இவ்ளோ சின்னதா வெட்டிட்டா ஆளுக்கு ஒரு போர், ஆளுக்கு ஒரு குழிங்கிற கணக்கே நடக்காது, தண்ணி வெளிய இருந்து பைப்புலதான் வரணும், கழிவும் பைப்புலதான் போகணும். லேஅவுட் போட்டவங்க கல்லு நட்ட அன்னிக்கே இது தெரிஞ்சிருக்கணும்.

அது வர்ற வரைக்கும் ரெட்டைக் குழி முறை பண்ணுங்க. மூணரை அடி அகலம், நாலு அடி ஆழம், ரெண்டு குழி, நடுவுல மூணடிக்கு மேல இடைவெளி. சுவர் செங்கல்ல சந்து விட்டு தேன்கூடு மாதிரி கட்டணும், அடியில சிமெண்ட் போடக் கூடாது, தண்ணி மண்ணுல இறங்கணும். ஒரு நேரத்துல ஒரு குழிதான். அது ரொம்பினா அடைச்சிட்டு அடுத்ததுக்கு திருப்பி விடுங்க. அடைச்ச குழியை ரெண்டு வருஷம் தொடாதீங்க, திறந்தா வாசனையே இல்லாத எருதான் இருக்கும், நம்ப மாட்டீங்க, நானே முதல் தடவை மம்மட்டியால தோண்டிட்டு மூக்கை மூடிக்கினு நின்னேன், ஒண்ணும் வரல. குழியை தெருப் பக்கமா வெச்சா பின்னாடி சாக்கடை லைன் வர்றப்ப இணைக்க சுலபம். உங்க போர் தண்ணியை அது வரைக்கும் துணி துவைக்க, மாட்டுக்கு வெச்சுக்குங்க, குடிக்க வேணாம். ரெண்டு வீட்டுக்காரரும் சேந்து ஒரே மனுவா பஞ்சாயத்துல குழாய் கேட்டு குடுங்க, மனுவுல 10 மீட்டர் கணக்கை டேப் அளவோட எழுதுங்க.

அடுத்த இதழுக்கு எழுதறவங்க பட்டா ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ் எதையும் கூட வெச்சு அனுப்பாதீங்க. இந்தத் தடவை அப்படி வந்த பதினோரு கவரையும் கிழிச்சுப் போட்டுட்டேன். மனையோட நீளம் அகலம், தெரு எந்தப் பக்கம், மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, இந்த மூணு எழுதினா போதும்.